முதலில் நாலு நல்ல வார்த்தை

நம் வயதுக்காரர்களுக்கு ரேடியோ என்றால் பாட்டு ஞாபகம் வரும். சிலருக்குக் கிரிக்கெட் வர்ணனை. எனக்கு ஒரு ஜீப்பும் ஒரு கேக்கும் ஞாபகம் வருகின்றன. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வர எனக்குத் தெரியாது. அது எங்கள் பக்கத்துப் பழக்கம். அந்தப் பழக்கத்தால் என் அம்மா பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேட்டுக்குப் போகிற பாதையில் ஒரு காப்பி எஸ்டேட். அப்பா அங்கே ரைட்டர். காலையில் ஆள் பேர் எழுதுவார், மாலையில் பழ மூட்டை நிறுக்கும்போது பக்கத்தில் நின்று குறித்துக்கொள்வார். அம்மா எஸ்டேட்டின் குழந்தைக் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டாள். வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அதனால் எல்லாரும் அவளை டீச்சரம்மா என்றார்கள். எங்கள் வீடு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லைனுக்கும் துரை பங்களாவுக்கும் நடுவில், மேட்டில் இருந்தது. பிழைப்பும் அப்படித்தான். துரை என்றதும் வெள்ளைக்காரரை நினைக்க வேண்டாம். மேனேஜர், நம்மவர்தான். வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலம் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

எங்கள் பக்கம் ஒருவர் குறை சொல்ல வந்தால் நேராகச் சொல்ல மாட்டார். உங்கள் வீட்டு ஆடு அவருடைய அவரைக் கொடி முழுவதையும் மேய்ந்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் முதலில் உட்காருவார். "ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா? உங்க ஊட்டு ரோஜா நொம்ப நல்லாப் பூத்திருக்குதுங்க. பையன் நல்லாப் படிக்கறானாமா?" என்பார். காப்பி குடிப்பார். உங்கள் ஆட்டையே புகழ்வார். எழுந்து போகும்போதுதான், "ஆனாப் பாருங்க..." என்று ஆரம்பிப்பார். அந்த 'ஆனாப் பாருங்க'வுக்குப் பிறகு வருவதுதான் விஷயம். அதற்கு முன் வந்ததெல்லாம் மரியாதை. கேட்கிறவருக்கும் இது தெரியும். ஒரு பெண் நாலு நல்ல வார்த்தை முதலில் சொல்லாமல் குறையைச் சொன்னால் அவளை வாயாடி என்பார்கள், சொன்ன குறையையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் தோல் உறை போட்ட ஒரு ரேடியோ இருந்தது. மலையில் அதற்கு லேசில் காது கேட்காது. ஜன்னலில் வைத்துச் சமவெளிப் பக்கமாகத் திருப்பி, ஏரியலை இழுத்துவிட்டு, யாராவது ஒருவர் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தால்தான் இரைச்சல் அடங்கும். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். எனக்கு அப்போது பத்துப் பதினோரு வயது. அந்த வருடம் வாரம் ஒருமுறை சாயங்காலம் ஒரு புது நிகழ்ச்சி வந்தது. ஏதாவது ஒரு தலைப்பைக் கொடுத்து, நிலையத்தில் இரண்டு மூன்று விவரம் தெரிந்தவர்களை உட்கார வைத்துப் பேச வைப்பார்கள். நாட்டு நடப்பு ஒரு வாரம், கலை பண்பாடு ஒரு வாரம். கேட்கிறவர்கள் டெலிபோன் போட்டுத் தங்கள் கருத்தைச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பேச்சை எல்லாம் பதிவு செய்துவைத்து, புதன்கிழமை ஒலிபரப்புவார்கள். நாங்கள் அதைப் 'போன் புரோகிராம்' என்போம்.

அந்த நிகழ்ச்சிக்கு எங்கள் வீட்டில் இரண்டு பைத்தியங்கள். ஒன்று அம்மா. இன்னொன்று கீழ் லைனில் இருந்த அக்கா. கல்யாணமாகி எஸ்டேட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். வேலை முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவருவாள். என் தலையைப் பின்னிக்கொண்டே ரேடியோவில் பேசுகிறவர்களோடு சண்டை போடுவாள். குடும்பச் சேமிப்பு பற்றி ஒரு பெரிய மனிதர் பேசிக்கொண்டிருந்தபோது, "ஏனுங்க சார், இவரு சம்பளம் சாராயக் கடைக்குப் போயிருது, என்ற சம்பளம் அரிசிக்குப் போயிருது. மிச்சத்த எந்த பேங்குலீங்க போடறது?" என்று கேட்டாள். அம்மா அவரைக்காய் உரிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அம்மாவுக்குத் தங்கை கிடையாது. அந்த அக்கா வந்த பிறகு அந்தக் குறை அவளுக்குத் தீர்ந்துபோயிருந்தது என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதம். காப்பிப் பழம் எடுக்கிற காலம். உங்களில் யாராவது அந்தப் பருவத்தில் காப்பி எஸ்டேட்டில் இருந்திருந்தால் அந்த வாடை மூக்கில் நிற்கும். பழத்தோல் குவியல் புளித்து, பனியோடு கலந்து, துணி, தலைமுடி, சாப்பாடு எல்லாவற்றிலும் ஏறிவிடும். களம் முழுக்கக் கொட்டை காயும். அந்தக் காலத்தில் எஸ்டேட் ஜீப்புக்கு ஓய்வு கிடையாது. தினமும் மூட்டை ஏற்றிக்கொண்டு போகும், வரும். துரை வார்த்தை இல்லாமல் அதில் வேறு எதையும் ஏற்றக் கூடாது என்று கட்டளை.

அப்படி ஒரு மத்தியானம், எட்டு மாதமாக இருந்த அக்காவுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. நாள் இன்னும் இருந்தது. வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜீப் களத்து ஓரத்தில் மூட்டையோடு நின்றது. துரை சேலத்துக்குப் போயிருந்தார். டிரைவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். "தொர சொல்லாம எடுத்தா என்ற வேலை போயிருமுங்க. ரைட்டர் சொல்லட்டும், எடுக்கறேன்" என்றார். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா பேனாவைச் சட்டைப்பையில் வைத்தார், மறுபடி எடுத்தார். "நான் எப்படீங்க சொல்ல முடியும்?" என்றார். காப்பக வாசலில் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவைக் கோழை என்று அப்போது நினைத்தேன். இப்போது அவர் வயதைக் கடந்துவிட்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் கோபம் இல்லை.

ஆண்கள் கம்பளியை மூங்கிலில் கட்டி அக்காவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா கூடவே ஓடினாள். பஸ் ரோட்டில் பஸ் இல்லை. கடைசியில் ஒரு காய்கறி வேன் கிடைத்து ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் வேனிலேயே குழந்தை உயிரில்லாமல் பிறந்துவிட்டது. அக்காவுக்கு நினைவு தப்பி, அங்கிருந்து சேலத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இப்படிப் பிறந்த குழந்தையைத் தாய்க்குக் காட்டுவதில்லை என்று லைனில் ஒரு வழக்கம். பார்த்தால் மனசு விடாது, அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். அது எப்படி இருந்தது என்றுகூட அவளிடம் யாரும் பேசக் கூடாது. அக்கா சேலத்தில் கிடந்தபோதே ஆண்கள் காரியத்தை முடித்துவிட்டார்கள். அம்மா மறுநாள் வீட்டுக்கு வந்து, அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டு நீண்ட நேரம் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா திரும்பி வந்த வாரத்தில் ரேடியோவில் அடுத்த தலைப்பை அறிவித்தார்கள். மலைவாழ் மக்களும் மருத்துவ வசதியும். அதைக் கேட்டதும் லைன் பெண்கள் அம்மாவிடம் வந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். துரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ஜீப் வர வேண்டும். அதைத் துரையிடம் நேரில் போய்ச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. ரேடியோவில் சொன்னால் ஊர் உலகம் கேட்கும், கலெக்டர் கேட்பார், துரையும் கேட்பார். மேஸ்திரி பெண்சாதிக்கு அப்போது மாதம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் எல்லாருக்கும் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா வாசல்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். 

"நீங்க சொல்லுங்க டீச்சரம்மா. எனக்கு நடந்தத அப்படியே சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றாள்.

அப்பாவிடம் அம்மா எதுவும் சொல்லவில்லை. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா சாமான் வாங்கப் போக, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டில் பஸ் நிற்கிற ஒண்டிக்கடைக்கு வந்தாள். அங்கே ஒரு டெலிபோன் பூத். கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு சின்ன விசிறி, சிவப்பாக எண்கள் ஓடுகிற பெட்டி. வெளியே சுற்றுலா வந்தவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். திரும்பத் திரும்பப் போட்டும் லைன் கிடைக்கவில்லை. பூத்துக்காரர், "விடுங்கம்மா, அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்றார். அம்மா மறுபடி எண்ணைச் சுழற்றினாள். கிடைத்ததும் என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். ரிசீவரின் இந்தப் பக்கம் அவள் காது, அந்தப் பக்கம் என் காது.

"வணக்கங்க. நாங்க ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்ல இருந்து பேசறமுங்க. உங்க நிகழ்ச்சி நொம்ப நல்லா இருக்குதுங்க, தவறாமக் கேட்டுக்கிட்டு வர்றமுங்க. எங்க தொர நொம்ப நல்ல மனுசருங்க. லைன் ஊட்டுக்கெல்லாம் ஓடு மாத்திக் குடுத்தாருங்க, பொங்கலுக்கு வேட்டி சேலை தர்றாருங்க. அவரைக் கொறை சொல்லவே முடியாதுங்க."

இங்கே அம்மா ஒரு மூச்சு எடுத்தாள். 

"ஆனாப் பாருங்க, போன மாசம் எங்க எஸ்டேட்ல ஒரு புள்ளைக்கு வலி எடுத்துருச்சுங்க. கண்ணு முன்னால ஜீப் நிக்குது. மூட்டை ஏத்தி நிக்குது. தொர ஊர்ல இல்ல, அவரு சொல்லாம எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு ஓடுனமுங்க. போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சுங்க. பொறந்தது பொம்பளப் புள்ளைங்க. தலை நெறைய முடிங்க. நாந்தானுங்க கையில வாங்குனேன். பெத்தவ கண்ணுல கூடக் காட்டாமப் பொதைச்சுட்டாங்க. காப்பிக்கொட்டைக்கு வர்ற ஜீப்பு மனுசிக்கு வரக் கூடாதுங்களா? இதை நாங்க யாருகிட்டங்க போய்க் கேக்கறது?"

 அந்தப் பக்கம் நிகழ்ச்சி நடத்துகிறவர், "நன்றிங்கம்மா. நல்ல கருத்து சொன்னீங்க" என்றார். லைன் போய்விட்டது.

வெளியே வந்தபோது அந்தக் குளிரிலும் அம்மாவின் ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது. எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள். "எல்லாம் சொல்லிட்டேன்ல கண்ணு? எதாச்சும் உட்டுட்டனா?" என்று கேட்டாள். "எல்லாம் சொல்லிட்டீங்கம்மா" என்றேன். என் வாழ்க்கையில் அம்மாவை அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சொன்னதையே திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பாள்.

புதன்கிழமை சாயங்காலம் லைன் முழுக்க எங்கள் வீட்டு முன்னால் கூடிவிட்டது. பழம் எடுத்த கறை போகாத கைகளோடு பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு அம்மா முக்காலி எடுத்துப் போட்டாள். அப்பாவுக்கு அன்றுதான் விஷயம் தெரியும். உள்ளறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ரேடியோமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். யார் யாரோ பேசினார்கள். ஒருவர் மூலிகை பற்றிச் சொன்னார். பிறகு திடீரென்று என் கைக்குக் கீழே அம்மாவின் குரல். மெலிந்து, கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி, ஆனால் அம்மாதான். பெண்கள் கையைத் தட்டிச் சிரித்தார்கள். "டீச்சரம்மா! டீச்சரம்மா!" என்று ஒரு குழந்தை கத்தியது. அதன் வாயைப் பொத்தினார்கள்.

"...எங்க தொர நொம்ப நல்ல மனுசருங்க. லைன் ஊட்டுக்கெல்லாம் ஓடு மாத்திக் குடுத்தாருங்க, பொங்கலுக்கு வேட்டி சேலை தர்றாருங்க. அவரைக் கொறை சொல்லவே முடியாதுங்க."

"நன்றிங்கம்மா. நல்ல கருத்து சொன்னீங்க."

அடுத்து வேறு ஊரிலிருந்து ஒருவர் பாம்புக்கடி பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நான் ரேடியோவைத் தட்டினேன். இரைச்சலில் விட்டுப்போயிருக்கும், மறுபடி வரும் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படி நினைத்துத்தான் அசையாமல் இருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து பாட்டு வந்துவிட்டது. முதலில் எழுந்தது அக்கா. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நொம்ப நல்லாப் பேசுனீங்க டீச்சரம்மா" என்றாள்.

எங்கள் வழக்கப்படி நல்ல வார்த்தைக்குப் பிறகு விஷயம் வர வேண்டும். அம்மா அதற்காகக் காத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அக்கா அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். அவளைத் திட்டியிருந்தால்கூட அம்மா தாங்கியிருப்பாள்.

"இல்ல, அம்மா எல்லாம் சொன்னாங்க! நான் பக்கத்துல நின்னு கேட்டேன்!" என்று நான் கத்தினேன். அக்காவின் மாமியார் என் கன்னத்தைத் தடவினாள். "ஆத்தாளுக்குப் பரிஞ்சுதான் பேசுவே சாமி. அதுக்காக ரேடியோ பொய்யாச் சொல்லும்?" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

ரேடியோவில் வருவதை வெட்டுவார்கள் என்று எங்கள் மலையில் யாருக்குத் தெரியும்? பேசினால் பேசினபடி வரும் என்றுதான் நினைத்தோம். இந்தப் பக்கம் ஊற்றினால் அந்தப் பக்கம் வருகிற குழாய் மாதிரி. அம்மாவே அப்படித்தான் நினைத்தாள். "நான் சொன்னேன்ல? சொல்லாமயே சொன்ன மாதிரி நெனச்சுக்கிட்டனா?" என்று என்னைக் கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு விஷயம் புரிந்தது பல வருடம் கழித்து. வானொலி நிலையம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். அவரிடம் கேட்டேன். "அதுல ஒண்ணும் சதியெல்லாம் இல்லம்மா. ஒருத்தருக்கு இவ்வளவு நேரம்னு இருக்கும். முதல்ல வர்றத வச்சுக்கிட்டு, மிச்சத்த நாடாவுல பிளேடு போட்டு வெட்டிருவோம்" என்றார். விஷயத்தை முதலில் சொல்கிறவர்கள் தப்பித்தார்கள். எங்களை மாதிரி மரியாதை தெரிந்தவர்கள் மாட்டிக்கொண்டோம். அவரிடம் காப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கேக் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாரக் கடைசியில் ஜீப் வந்தது. மூட்டை எதுவும் இல்லாமல், லைனுக்கு நடுவே, எல்லாரும் பார்க்க ஏறி வந்து எங்கள் வீட்டு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி, கண்ணாடித்தாள் சுற்றிய பெரிய பிளம் கேக் ஒன்றை அம்மா கையில் கொடுத்தார். "தொர குடுக்கச் சொன்னாருங்க. ரேடியோவுல பேசுனது அவருக்கு நொம்ப சந்தோசமுங்க" என்றார். சொல்லும்போது அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவைத் தூக்கிப் போக வராத ஜீப். அதே ஜீப். கேக்குக்கு வந்தது.

அம்மா அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். அப்பா வந்து வாங்கிக்கொண்டார். "என்ன புள்ள, சோத்துல மண்ணைப் போட்டுக்கறியா?" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அம்மா தொடவில்லை. நானும் தம்பியும் தின்றோம். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். லைனில் யாரும் தலையை வெளியே நீட்டவில்லை, ஆனால் எல்லாக் கதவுகளும் ஒரு விரல் திறந்திருந்தன.

மறுநாளிலிருந்து காப்பகத்துக்குப் பிள்ளைகள் குறைந்தன. சண்டை எதுவும் இல்லை. "பாட்டி வந்திருக்காங்க, அவங்களே பாத்துக்குவாங்க" என்பார்கள். "சளி புடிச்சிருக்குதுங்க" என்பார்கள். எல்லாரும் நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார்கள். அம்மா அக்கா வீட்டுக்கு இரண்டு மூன்று முறை போனாள். ஒவ்வொரு முறையும் மாமியார் வாசலில் நின்று, "தூங்குறாளுங்க" என்றாள். உள்ளே அவள் இருமுவது எங்களுக்குக் கேட்கும்.

அம்மா விடவில்லை. அடுத்த ஞாயிறும் பூத்துக்குப் போனாள். அந்த முறை வணக்கம்கூடச் சொல்லவில்லை. லைன் கிடைத்ததும், "எங்க எஸ்டேட்ல ஜீப் குடுக்காம ஒரு கொழந்தை செத்துப் போச்சுங்க" என்று ஆரம்பித்தாள். நிகழ்ச்சி நடத்துகிறவர் நிதானமாக, "அம்மா, இந்த வாரத் தலைப்பு நாட்டுப்புறக் கலைகள்ங்க. கும்மி, கோலாட்டம் பத்தி ஏதாவது சொல்றீங்களா?" என்றார். அம்மா ரிசீவரை மெதுவாக வைத்தாள். தெருவில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு ஒரு சில்வர் ஓக் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.  

ஜீப் விஷயம் அப்படியே கிடந்தது. மேஸ்திரி பெண்சாதியை மாதம் நிறைவதற்கு முன்பே சமவெளிக்கு, அவளுடைய தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த பழக் காலம் வருவதற்குள் அப்பா சேலத்தில் ஒரு மண்டியில் வேலை தேடிக்கொண்டார். சாமான் ஏற்றிய லாரி லைனைக் கடந்தபோது அம்மா கீழ் லைன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேடியோ என் மடியில் இருந்தது. சேலத்தில் அதை யாரும் போடவில்லை. எப்போது, யாருக்குக் கொடுத்தோம் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

சேலத்து அம்மா வேறு ஆள். நாலு நல்ல வார்த்தை என்பதையே விட்டுவிட்டாள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததும், "சாம்பார்ல உப்பு இல்ல" என்பாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "உங்க பையன் குடிப்பானாமே, உண்மையா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள். அந்தச் சம்பந்தம் போய்விட்டது. பேசப்பட்டது எனக்குத்தான். சொந்தக்காரர்கள் அவளைத் தேள்கொடுக்கு என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். வயதாக ஆக நாக்கு முற்றிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பேச்சு பாதியில் நின்றுபோனாலும் விஷயம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள் என்பது, அந்த வானொலிக்காரர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள்.

தன் நினைவுப் பூசையை ஏற்காட்டு மாதா கோயிலில்தான் வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதற்காகப் போன வருடம் மலை ஏறினேன். பூசை முடிந்து ஒண்டிக்கடையில் பஸ்ஸுக்கு நின்றேன். பூத் இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை. அதன் ஓரத்தில் சாக்கை விரித்து ஆரஞ்சும் மிளகும் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்தாள். பிறகு கையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"டீச்சரம்மா பொண்ணுதானே? அப்படியே அவங்க மொகம்" என்றாள். பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். இரண்டு பையன்கள், ஒருவன் டாக்ஸி ஓட்டுகிறான் என்றாள். எஸ்டேட்டை யாரோ வாங்கி ரிசார்ட் கட்டிவிட்டார்கள் என்றாள். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். ஒரு ஆரஞ்சை உரித்துச் சுளைசுளையாகக் கொடுத்தாள். அம்மா போய்விட்டதைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். யாரோ சொல்லி அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"ஆனாப் பாரு கண்ணு..." என்றாள். கொஞ்ச நேரம் தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "உங்கம்மா சொல்லாம இருந்திருக்க மாட்டாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"தெரியும் கண்ணு. ஆனா நான் யாரு மேல கோவப்படறது? தொர மேல படமுடியுமா? விடிஞ்சா அவரு தோட்டத்துக்குத்தான் போகோணும். டிரைவரு மேல, உங்கப்பா மேல? அவங்களும் நம்மள மாதிரித்தான். உங்கம்மாதான் கிட்டத்துல இருந்தாங்க. என்ன பண்ணுனாலும் பொறுத்துக்குவாங்கன்னு தெரியும். அவங்க மேல போட்டுட்டேன். அப்பறம் எடுக்கத் தெரியல."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. அம்மாவின் காலியான காப்பகமும், மரத்தில் ஊன்றிய கையும், போன சம்பந்தமும் எல்லாம் ஒன்றாக வந்து கண் முன்னால் நின்றன. எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பக்கத்துல நின்னு கேட்டேன்னு அன்னிக்குக் கத்துனியே. உங்கம்மா என்ன சொன்னாங்க? ஞாபகம் இருக்குதா?"

எப்படி மறக்கும்? அம்மா பஸ்ஸில் முணுமுணுத்ததை நான் இத்தனை வருடமாக முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன். "வணக்கங்க. நாங்க ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்ல இருந்து..." என்று ஆரம்பித்தேன்.

"அது வேண்டாம். அதெல்லாம் ரேடியோவுலயே கேட்டாச்சு. அதுக்கப்பறம் சொல்லு."

சொன்னேன். வலி எடுத்தது, மூட்டையோடு நின்ற ஜீப், கம்பளி. அவள் அதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். "பொறந்தது பொம்பளப் புள்ளைங்க" என்றேன். அதற்கும் ஆட்டினாள். "தலை நெறைய முடிங்க. நாந்தானுங்க கையில வாங்குனேன்" என்றேன்.

தலை அசைவது நின்றுவிட்டது. ஒரு சுற்றுலாக்காரர் குனிந்து ஆரஞ்சு என்ன விலை என்று கேட்டார். அவள் காதில் விழவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

"முடி இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"தலை நெறையங்க அக்கா" என்றேன்.